மகேந்திரண்ணை மிதிச்ச பிரேக்

முதலிலை ஒண்டு சொல்லிப்போடுறன். பேய், பிசாசு, செய்வினை, சூனியம் ஒண்டிலையும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. கோயிலுக்குப் போனாலும் மனுசி உள்ளுக்குப் போய்க் கும்பிட நான் காருக்குள்ளை ரேடியோ கேட்டுக்கொண்டு இருக்கிற ஆள். ஆரும் பேய்க்கதை சொல்ல வந்தால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டு நக்கலடிச்சு அனுப்பிவிடுவன். நான் சொல்லப்போறது இருட்டுக்குள்ளை நடந்ததும் இல்லை, நல்ல காலைவெயில், வெளியிலை தெருவாலை பஸ் போய்வந்துகொண்டு இருக்குது. நம்பாட்டி நம்பாதேங்கோ, ஆனா இடையிலை சிரிக்காமல் கேளுங்கோ. இதை இவ்வளவு காலமும் நான் சொல்லாமல் விட்டது பயத்திலை இல்லை, செய்த வேலையின்ரை வெக்கத்திலை.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி எண்டு வையுங்கோவன். நானும் மனுசி வாசுகியும் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து மல்வேர்னிலை ஒரு வீடு வாடகைக்கு எடுத்து இருந்தம், கீழே பேஸ்மென்றிலை மகேந்திரண்ணை இருந்தார். சொந்தமில்லை, வந்த புதுசிலை பார்க்டேலிலை ஒரு அறைக்குள்ளை அடுக்கிவைச்ச மாதிரி ஏழெட்டுப்பேர் கிடந்த காலத்திலை பக்கத்துப் பாய். அந்தச் சிநேகிதம் விடேல்லை. என்னைவிடப் பத்துப் பன்ரெண்டு வயசு மூப்பு, நல்ல வண்டி வயிறு, பகிடிக்காரன். ஊரிலை அவருக்குப் புஷ்பக்கா எண்டு மனுசியும், தர்சினி எண்டு ஒரு மகளும். அவர் வெளிக்கிடேக்கை பிள்ளை தவழ்ந்துகொண்டு இருந்ததாம். பிறகு போட்டோவிலைதான் வளர்ந்தது.

ஊரிலை மகேந்திரண்ணை தட்டிவான் கொண்டக்டர். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், பழைய அமெரிக்க ரக்கின்ரை மூஞ்சியை முன்னுக்கு வைச்சு, பின்னுக்கு மரத்தாலை அடைச்சு, ஆக்களையும் வாழைக்குலையையும் ஆட்டுக்குட்டியையும் ஒண்டா ஏத்திக்கொண்டு ஓடின சாமான் அது. கொண்டக்டர் பின்னுக்குத் தொங்கிக்கொண்டு தகரத்திலை தட்டுவார். ஒரு தட்டு எண்டால் நிப்பாட்டு, ரெண்டு தட்டு எண்டால் எடு. மனுசன் இருவது வருசம் அப்பிடித் தட்டினவர், ஒருக்காலும் ஸ்ரேறிங் பிடிச்சதில்லை.

ஒரு சம்மர் பிக்கரிங்குக்கு அங்காலை ஸ்ரோபெரி புடுங்கப் போனம். அங்கை ஒரு தோட்டக்காரன்ரை கொட்டிலுக்குள்ளை ஐம்பதுகளிலை செய்த அமெரிக்க பிக்அப் ஒண்டு, ரயர் நாலும் மண்ணுக்குள்ளை புதைஞ்சு, சீற்றிலை கோழி அடைகிடக்குது. மகேந்திரண்ணை கையிலை இருந்த பழக்கூடையை நிலத்திலை வைச்சிட்டார். மூஞ்சியைத் தடவித் தடவிப் பார்க்கிறார். "டேய் தேவன், உதுதான்ரா எங்கடை வானின்ரை முகம். பின்னுக்குத் தொங்கினது காணும், ஒருக்கால் முன்னுக்கு இருந்து ஓடவேணும்" எண்டார். தோட்டக்காரனும் இடத்தைக் காலி பண்ணினால் காணும் எண்டு அள்ளிக்கொண்டு போகச் சொல்லிப்போட்டான். வீட்டை கொண்டுவந்து கராஜுக்குள்ளை தள்ள வாசுகி வாசலிலை நிண்டு பார்த்திட்டு, வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விட்டிருக்கிறியள் ரெண்டு பேரும் எண்டாள்.

அது சரியான ஓணான்தான். எஞ்சின் இறுகிப்போய்க் கிடந்தது, சிலிண்டருக்குள்ளை டீசலை ஊத்தி ஊறவிட்டு ஊறவிட்டு ஒரு மாசத்துக்குப் பிறகுதான் அசைஞ்சது. கால் வைக்கிற இடம் உக்கி நிலம் தெரிஞ்சது, தகரம் வெட்டி ஒட்டினம். பின்பெட்டிக்குப் புதுப் பலகை போட்டம். பச்சை நிறம்தான் வேணும் எண்டு அண்ணை ஒற்றைக்காலிலை நிண்டார். நான் முந்தி ஊரிலை ஒரு கராஜிலை வேலை பழகினனான், அதாலை எண்ணெய், கரி எல்லாம் என்ரை பங்கு, அவர் பங்கு பிடிக்கிறது, எடுத்துத் தாறது, தேத்தண்ணி, கதை. சனி ஞாயிறு எங்கை போச்சுதெண்டே தெரியாது. அந்த நாளுகளிலை நாங்கள் நல்ல சந்தோசமா இருந்தம், அதை மறைக்கேலாது.

இதுக்கிடையிலை புஷ்பக்கான்ரை ஸ்பொன்சர் அலுவல் சரிவந்து, அவவும் மகளும் ஊரை விட்டு வந்து கொழும்பிலை ஒரு லொட்ஜிலை நிண்டவை. விசா குத்தியாச்சு, ரிக்கற் போட்டாச்சு. மகேந்திரண்ணை ரெலிபோனிலை ஒவ்வொரு முறையும், நான் பச்சை பிக்அப்பிலைதான் எயார்போட்டுக்கு வருவன், வேறை கார் வந்தால் ஏறாதை எண்டு பகிடி விடுவார். பிள்ளை மட்டும் வெக்கத்திலை ஒருக்காலும் ரிசீவரை வாங்காதாம். ஆனா அவருக்கு லைசென்சும் இல்லை, ரெண்டு தரம் ரோட் ரெஸ்ற்றிலை பெயில். நான் ஓட அவர் பக்கத்திலை இருக்கிறதெண்டுதான் எங்கடை பேச்சு.

அவை வாறதுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிழமை இருக்கேக்கை மகேந்திரண்ணை செத்துப்போனார். விடிய வேலைக்கெண்டு பஸ் ஏறினவர், கடைசித் தரிப்பிலை எல்லாரும் இறங்கிப்போச்சினம், இவர் மட்டும் கண்ணாடியிலை தலையைச் சாய்ச்சபடி இருந்திருக்கிறார். நித்திரையெண்டு நினைச்சு ட்ரைவர் தட்டி எழுப்பியிருக்கிறான். ஹார்ட் அட்டாக். வாழ்நாள் முழுக்க ஆக்களை ஏத்தி இறக்கின மனுசன், தன்னை இறக்க ஒருத்தரும் இல்லாமல் போயிருக்கிறார்.

இனித்தான் நாங்கள் செய்த வேலை. அவருக்குக் குலம் எண்டு ஒரு ஒண்டுவிட்ட தம்பி, அவன்தான் முன்னுக்கு நிண்டவன். அண்டைக்கு இரவு எங்கடை குசினியிலை கூடிக் கதைச்சதிலை, புஷ்பக்காவுக்குச் சொல்லுறேல்லை எண்டு முடிவாச்சு. சொன்னால் அவ பிளேன் ஏறமாட்டா, ஏறினாலும் ஸ்பொன்சர் பண்ணின ஆள் இல்லையெண்டு தெரிஞ்சால் விசா செல்லாது எண்டு குலம் சொன்னான். திரும்பி எங்கை போறது, சண்டைக்குள்ளையோ? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் கட்டலாமெண்டால் ஒரு பொய் சொல்லி ரெண்டு உயிரை இஞ்சை கொண்டுவந்து சேர்க்கேலாதோ எண்டு கேட்டான். எல்லாருமாத் தலையாட்டினம். பிரேதத்தைப் பியூனரல் ஹோமிலை வைச்சிருந்து, அவ வந்து வீட்டிலை இருந்து ஒரு வாய் தண்ணி குடிச்ச பிறகு, பொம்பிளையள் பக்கத்திலை இருந்து சொல்லுறதெண்டு ஏற்பாடு.

நாங்கள் தமிழர் உந்த வேலையிலை கெட்டிக்காரர். செத்தவீட்டைக்கூட ஆளுக்குத் தக்கபடி ஒளிச்சு வைப்பம், அதுக்கு நல்ல பேர் ஒண்டும் வைப்பம்.

கொழும்பிலை இருந்து கோல் வந்தால் எடுக்கிறது ஆர்? என்ரை வீட்டு நம்பர்தானே, நான்தான். அண்ணை குளிக்கிறார் அக்கா எண்டு ஒரு நாள். ஓவர்ரைம் எண்டு இன்னொரு நாள். அவ ஒண்டையும் சந்தேகப்படேல்லை, அதுதான் கொடுமை. குளிர் தொடங்கியிருக்கும், விடியப் போகேக்கை ஜாக்கெற் போடாமல் போவார், ஒருக்கால் சொல்லுங்கோ தம்பி எண்டு கேட்டா. ஓம் அக்கா சொல்லுறன் எண்டு வைச்சிட்டன். அவர் பியூனரல் ஹோமிலை குளிர்ப்பெட்டிக்குள்ளை கிடக்கிறார். அந்த வசனத்துக்கு நான் எந்த நரகத்துக்குப் போகவேணுமோ தெரியாது.

எயார்போட்டுக்குப் போறதும் நான் எண்டுதான் முடிவு. அப்பதான் வாசுகி சொன்னாள், அண்ணை பச்சை பிக்அப் பச்சை பிக்அப் எண்டு சொல்லிச்சொல்லி வைச்சிருக்கிறார், நீங்கள் காரோடை போய் நிண்டால் அவ அங்கையே கேட்பா, அங்கையே உடைஞ்சிடுவா எண்டு. அது வந்தால், அண்ணை ஷிஃப்ற்றுக்குப் போட்டார், என்னட்டைக் குடுத்துவிட்டவர் எண்டு சொல்லலாம். இப்ப விளங்குதோ, அந்த மனுசன் ஆசைப்பட்டுத் தடவித் தடவிச் செய்த வாகனத்தை, அவரின்ரை மனுசியை ஏமாத்துறதுக்கு நாங்கள் எடுத்தம்.

பிக்அப்பிலை ஒரு வேலைதான் மிச்சம், பிரேக். புதுச் சாமான் எல்லாம் பூட்டியாச்சு, லைனுக்குள்ளை நிக்கிற காத்தை எடுக்கவேணும், எடுக்காட்டி மிதிக்க மிதிக்கக் கால் சும்மா பஞ்சுக்குள்ளை போனமாதிரிப் போகும், வாகனம் நிக்காது. அதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் உள்ளை இருந்து பிரேக்கை மூண்டு தரம் மிதிச்சு அமத்திப் பிடிக்கவேணும், மற்றவர் கீழை கிடந்து சில்லடியிலை, ரயருக்குப் பின்பக்கம், ஒரு சின்ன ஆணியைத் திறந்து, ரியூப்பாலை எண்ணெயும் காத்தும் போத்தலுக்குள்ளை வர விட்டு, பூட்டவேணும். பூட்டினாப் பிறகுதான் உள்ளை இருக்கிறவர் காலை எடுக்கலாம். முந்திப் பழைய பிரேக்கைப் பார்க்கேக்கை அண்ணைதான் உள்ளை, அந்த வண்டி வயித்தோடை கீழை நுழையேலாது. நான் கீழை இருந்து கத்தினால் எதிரொலியிலை விளங்காது எண்டு, அவர்தான் தன்ரை தட்டைக் கொண்டுவந்தவர். நான் ஸ்பானராலை தகரத்திலை ரெண்டு தட்டினால் மிதிக்கவேணும், ஒண்டு தட்டினால் விடவேணும். "இருவது வருசம் நான் தட்டினன், இப்ப எனக்குத் தட்டுறாங்கள்" எண்டு சொல்லிச் சிரிப்பார். நேரா இருக்கவும் மாட்டார், கதவைத் திறந்து ஒரு காலை வெளிப்பலகையிலை வைச்சுக்கொண்டு கோணலா இருப்பார், அவரின்ரை பாரத்துக்குச் சீற் ஸ்பிரிங் கிறீச்சிடும்.

வெள்ளிக்கிழமை. அவை அண்டைக்கு இரவு கொழும்பிலை ஏறினால் சனி பின்னேரம் இஞ்சை. பின்னேரத்துக்குள்ளை பிரேக்கை முடிச்சால்தான் தெரிஞ்ச ஒரு கராஜிலை காட்டி, ஓடலாம் எண்ட சேஃப்டி பத்திரம் எடுத்து, நம்பர் பிளேட் போடலாம். வாசுகி வேலைக்குப் போட்டாள், குலம் பியூனரல் ஹோமிலை. வீட்டிலை நான் தனிய, வாசல் கதவு பூட்டு. தனியச் செய்து பார்ப்பம் எண்டு ஒரு தடியைப் பிரேக்குக்கும் சீற்றுக்கும் இடையிலை முண்டு குடுத்தன், அது வழுக்கி விழுந்தது. எழும்பி மிதிக்கிறது, ஓடிப்போய்க் கீழை படுக்கிறது, அதுக்குள்ளை பிரேக் மேலை வந்திடும். இதைத் தனியச் செய்யப் பம்ப் ஒண்டு விக்குது எண்டு சொல்லப்போறியள், எனக்கும் தெரியும், அண்டைக்கு என்னட்டை இல்லை.

கடைசியிலை களைச்சுப்போய்ப் பின் வலதுசில்லுக்குக் கீழை கிடந்தன். யோசிச்சுச் செய்யேல்லை, கைப்பழக்கம். ஸ்பானராலை தகரத்திலை ரெண்டு தட்டினன்.

சீற் ஸ்பிரிங் கிறீச்சிட்டுது.

பிறகு மூண்டு தரம் மிதிச்ச சத்தம், பிரேக் லைன் என்ரை கைக்குக் கிட்ட விறைச்சுது. நம்புங்கோ நம்பாமல் விடுங்கோ, நான் ஆணியைத் திறந்தன். பழக்கப்பட்ட கை, அது தன்ரை பாட்டிலை திறந்தது. ஜாம் போத்தலுக்குள்ளை எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்தது, குமிழி குமிழியாக் காத்து. பூட்டினன், ஒண்டு தட்டினன், விட்டுது. திரும்ப ரெண்டு, திரும்ப மிதி. அந்தச் சில்லு முடிஞ்சு, மற்றப்பக்கம் ஊர்ந்து போய் அடுத்ததையும் முடிக்கிற நேரத்திலைதான் எனக்கு உறைச்சுது, நான் இப்ப ஆருக்குத் தட்டுறன் எண்டு.

கீழை கிடந்தபடி முன்னுக்குப் பார்த்தன். கதவு திறந்து கிடக்குது, வெளிப்பலகையிலை கால் ஒண்டும் இல்லை. ரெண்டு தட்டினன், மிதிச்ச சத்தம் கேட்டுது, ஆணியைத் திறக்காமல் வெளியிலை ஊர்ந்து எழும்பிப் போய் உள்ளை பார்த்தன். சீற்றிலை ஒருத்தரும் இல்லை. வெள்ளை உருவம், புகை, மணம் எண்டு ஒண்டும் இல்லை, அப்பிடியெல்லாம் சேர்த்துச் சொல்லமாட்டன். ஆனா பிரேக் அமந்து நிக்குது. மேலை இழுக்கிற ஸ்பிரிங் பூட்டின பிரேக், சும்மா அமந்து நிக்காது. நான் கதவிலை விரல் முட்டியாலை ஒண்டு தட்டினன். அது ஆறுதலா மேலை வந்தது, ஒரு மனுசன் காலை எடுக்கிற மாதிரி.

நீங்களெண்டால் ஓடியிருப்பியள். நானும் ஓடியிருக்கவேணும். எனக்குப் பயம் வரேல்லை, வெக்கம்தான் வந்தது. உங்கடை மனுசியை ஏமாத்தத்தான் இதைப் பூட்டுறன், அதுக்கு நீங்களே வந்து மிதிச்சுத் தாறியளே எண்டு நினைச்சன். அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவரின்ரை முகம் இல்லாத அந்தச் சீற்றைப் பார்த்துக்கொண்டு நிக்கிறதைவிடத் திரும்பக் கீழை போய்ப் படுக்கிறது எனக்கு லேசாயிருந்தது, போய்ப் படுத்தன். மூண்டாவது சில்லும் முடிஞ்சுது.

நாலாவது சில்லுக்கு ரியூப்பைப் பூட்டிக்கொண்டு இருக்கேக்கை வீட்டுக்குள்ளை ரெலிபோன் அடிச்சுது. எனக்குத் தெரியும் அது ஆரெண்டு. இஞ்சை காலமை, அங்கை பின்னேரம், லொட்ஜிலை இருந்து வெளிக்கிடப் போறா, ஒருக்கால் மனுசனோடை கதைச்சிட்டு வெளிக்கிடுவம் எண்டு எடுக்கிறா. இன்னொரு பொய் சொல்ல என்னாலை ஏலாது. நான் எழும்பேல்லை, கீழையே கிடந்தன். அது நாலைஞ்சு தரம் அடிச்சு, ஒரு மணியின்ரை பாதியிலை டக்கெண்டு நிண்டுது. வைச்சிட்டா எண்டு நினைச்சு எனக்கு ஒரு ஆறுதல்கூட வந்தது, சீ எண்டு இருக்குது இப்ப நினைக்க.

பிறகு ரெண்டு தட்டினன். ஒண்டும் இல்லை. ஸ்பிரிங் சத்தமும் இல்லை, மிதியும் இல்லை. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தன். கராஜ் வெறுமையாப் போனது எனக்குத் தெரிஞ்சுது, அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு விளங்கேல்லை, பேசிக்கொண்டு இருந்த ஆள் எழும்பிப் போனால் முதுகுக்குத் தெரியும்தானே, அப்பிடி. அந்த நேரம் விட்டிருக்கலாம். மூண்டு சில்லு முடிஞ்சுது, நாலாவதைக் கராஜ்காரன் பார்த்திருப்பான். ஆனா வேலைக்காரன்ரை புத்தி, முடிக்கவேணும், பின்னேரத்துக்குள்ளை முடிக்கவேணும். ஸ்பானரைத் திருப்பிப் பிடிச்சு இன்னும் ரெண்டு தட்டினன், பலமா, தகரம் நெளியிற மாதிரி.

கொஞ்சநேரத்தாலை ஸ்பிரிங் கிறீச்சிட்டுது. மிதி வந்தது. ஆனா முந்தின மாதிரி இல்லை, பாரமா, விருப்பமில்லாமல் மிதிக்கிற மாதிரி. குமிழி போய்ச் சுத்த எண்ணெய் வந்தது. பூட்டினன், ஒண்டு தட்டினன், விட்டுது. முடிஞ்சுது அண்ணை எண்டன். அதுக்குப் பிறகு அந்தக் கராஜுக்குள்ளை எனக்கு ஒண்டும் நடந்ததில்லை.

பின்னேரம் கராஜ்காரன் ஓடிப் பார்த்திட்டு, கல்லு மாதிரி நிக்குது, ஆர் கூட நிண்டது எண்டு கேட்டான். சிநேகிதன் எண்டு சொன்னன்.

சனிக்கிழமை எயார்போட்டிலை கையிலை ரோசாப்பூ மாலையோடை நிண்டன். அதுவும் குலத்தின்ரை ஐடியா, அண்ணை குடுத்துவிட்டது எண்டு சொல்ல. ஆக்கள் வந்து வந்து போச்சினம். கடைசியிலை புஷ்பக்கா ஒரு வண்டிலைத் தள்ளிக்கொண்டு வாறா, பக்கத்திலை தர்சினி, ஒல்லியா, அண்ணையின்ரை மூக்கு. புஷ்பக்கா கூட்டத்துக்குள்ளை ஒருத்தரையும் தேடேல்லை. நேரை என்னட்டை வந்தா, போட்டோவிலை கண்டிருப்பா போலை. நெத்தியிலை பொட்டு இல்லை. நான் அதைக் கண்டன், கண்டும் பாடமாக்கி வைச்ச வசனம் வாயாலை வந்திட்டுது. அண்ணை ஷிஃப்ற்றுக்குப் போட்டார் அக்கா, லீவு விடேல்லை எண்டு.

அவ வண்டிலை ஓரமா நிப்பாட்டினா. சத்தம் போடேல்லை, அழேல்லை.

"தம்பி, நேற்று அவரோடை கதைச்சனான். அவரை எங்கை வைச்சிருக்கிறியள்?" எண்டு கேட்டா.

நான் மாலையை எங்கை வைச்சனெண்டு தெரியாது. பிறகு அந்தப் பச்சை பிக்அப்பிலை, தர்சினியை நடுவிலை இருத்திக்கொண்டு, சாமானைப் பின்பெட்டியிலை போட்டுக்கொண்டு வரேக்கைதான் அவ சொன்னா. லொட்ஜிலை இருந்து வெளிக்கிட முதல் எடுத்தவவாம், மணி அடிச்சு அடிச்சு அவர்தான் எடுத்தவராம். குரல் கொஞ்சம் தூரமாயிருந்ததாம், லைன் அப்பிடித்தானே எண்டு நினைச்சவவாம். "நான் இனி இல்லையப்பா. பஸ்ஸிலை வைச்சே போய்ச் சேர்ந்திட்டன். அவங்கள் பயத்திலை சொல்லேல்லை, அவங்களைக் கோவிக்காதை. நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏறு, ஏறாமல் மட்டும் நிண்டிடாதை" எண்டவராம். நாங்கள் அத்தனை பேர் கூடியிருந்தும் சொல்லப் பயந்ததை அந்த மனுசன் செத்தாப் பிறகு தானே எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

இஞ்சையிருந்து ஆரோ அவவுக்கு முதலே சொல்லியிருக்கலாம் எண்டு சொல்லுவியள். சொல்லியிருக்கலாம். ஆனா அதுக்குப் பிறகு அவ சொன்னதை ஆரும் சொல்லிக் குடுத்திருக்கேலாது. மகளைக் கூப்பிடு, ஒருக்கால் அவளோடை கதைக்கவேணும் எண்டு கேட்டவராம். பிள்ளை வாசலிலை பெட்டியோடை நிண்டதாம், அவ ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்து ரிசீவரைக் குடுக்கிறதுக்கிடையிலை, அதுக்குள்ளாலை ஆரோ தட்டுற சத்தம் ரெண்டு பேருக்கும் கேட்டதாம். கூப்பிடுறாங்களப்பா, வேலை முடியேல்லை எண்டு அவர் சொன்னது புஷ்பக்காவுக்குத் தூரத்திலை கேட்டதாம். பிள்ளை வாங்கிக் காதிலை வைச்சு அப்பா எண்டுதாம். லைனிலை ஆள் இல்லை.

எமன்ரை ஆக்கள் தம்பி, அவைதான் தட்டிக் கூப்பிட்டிருக்கினம், அவ்வளவு நேரம்தான் அவருக்குக் குடுத்தது எண்டு புஷ்பக்கா சொன்னா. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓடினன். சிக்னல் லைற்றடியிலை பிரேக்கிலை கால் வைக்கேக்கை அது கல்லு மாதிரி நிண்டுது.

அக்கா, தட்டினது எமனில்லை, நான் எண்டு சொல்லவேணும். அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். செத்தவீடு முடியட்டும் எண்டு விட்டன், முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடியட்டும் எண்டு விட்டன், பிள்ளை பள்ளிக்கூடம் பழகட்டும் எண்டு விட்டன். இப்ப அவை பிக்கரிங்கிலை சொந்த வீட்டிலை இருக்கினம், நல்லா இருக்கினம், போனால் எனக்கெண்டு முருங்கைக்காய்க் கறி வைப்பா. என்னிலை ஒரு நாளும் அவ கோவிச்சதில்லை, அவர் கோவிக்காதை எண்டு சொல்லிட்டார் எண்டு. கோவிச்சிருந்தாலாவது நான் நித்திரை கொண்டிருப்பன்.

போன முறை போனபோது சாப்பாட்டு மேசையிலை ஆரோ கதையோடை கதையா அந்த ரெலிபோன் கோலைப் பற்றி எடுத்தினம். தர்சினி இப்ப பெரிய பிள்ளை, வேலைக்குப் போறாள், தமிழும் இங்கிலிசும் கலந்துதான் வரும். "அங்கிள், ஐ நெவர் ஹேர்ட் ஹிஸ் வொய்ஸ். எனக்கு அப்பா எண்டால் அந்தத் தட்டுச் சத்தம் மட்டும்தான்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னாள். சொல்லிப்போட்டு, இப்பிடித்தான் கேட்டது எண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த கரண்டியைத் திருப்பிப் பிடிச்சு மேசையிலை தட்டிக் காட்டினாள். ரெண்டு தட்டு. கொஞ்சநேரம் பொறுத்து, பிறகு ரெண்டு, பலமா.

நான் ரெண்டாந்தரம் தட்டினது ஒருத்தருக்கும் தெரியாது, வாசுகிக்குக்கூடச் சொல்லேல்லை. இன்னும் கொஞ்சம் கறி போடட்டோ தம்பி எண்டு புஷ்பக்கா கேட்டா. ஓம் அக்கா, போடுங்கோ எண்டு தட்டை நீட்டினன்.